வாடை பின்னாலிருந்து தள்ளட்டும்

வாசகர்களின் சைக்கிள் கேள்விகளுக்கு, வியட்நாமில் ஹனோயிலிருந்து சைகோன் வரை மிதித்துவிட்டு வந்த ராயபுரத்துக்காரர் பதில் சொல்கிறார்.

கே: எண்ணூர் வரை ஓட்டிப் பழகியவன் நான். நீங்கள் போன வழியில் போக ஆசை. எந்த மாதம் கிளம்பலாம்?
– வாசகர், தண்டையார்பேட்டை

ப: கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே எண்ணூர் போய் வருகிறவருக்கு அந்த ஊர்ச் சாலை பயம் காட்டாது, தம்பி. காற்றைத்தான் பார்க்க வேண்டும். காசிமேட்டில் வாடை என்கிறோமே, அதே வடகிழக்குக் காற்று அங்கேயும் கடலோரம் மார்ச் வரை வீசும். அதனால் வடக்கே ஹனோயில் ஏறி, தெற்கே இறங்குங்கள். எதிர்த் திசையில் வந்த இருவரை வழியில் பார்த்தேன். சமதரையிலேயே மலை ஏறுகிறவர்கள் மாதிரி மூச்சு வாங்கினார்கள். அக்டோபர், நவம்பர் வேண்டாம். நமக்குக் கொட்டும் அதே மாதங்களில்தான் வழியின் நடுவில் வரும் ஹுவே, டானாங் பக்கமும் வெள்ளம். டெட் என்கிற அவர்களுடைய புத்தாண்டு வாரத்தையும் தவிருங்கள், பாதிக் கடை பூட்டியிருக்கும்.

தூரம் சுமார் 1,700 கிலோமீட்டர். நடுவில் ஹை வான் கணவாய், 496 மீட்டர் உயரம். அதுவரை எனக்குத் தெரிந்த பெரிய ஏற்றம் பேசின் பிரிட்ஜ் மேம்பாலம்தான்! ஆனால் 2005-இல் கீழே சுரங்கப்பாதை திறந்ததிலிருந்து லாரிகள் பெரும்பாலும் அதில் போய்விடுகின்றன. சைக்கிளை அதில் விட மாட்டார்கள். நல்லதாய்ப் போயிற்று, மேலே சாலை நமக்கே. கடலைப் பார்த்தபடி நான்கு இடத்தில் இறங்கித் தள்ளினேன், வெட்கமே இல்லை.

கே: மகன் போகிறேன் என்கிறான். சாப்பாட்டுக்கு என்ன செய்வான்?
– வாசகி, திருவொற்றியூர்

ப: சோறு எங்கும் கிடைக்கும், அம்மா. 'கொம் சாய்' என்று கேட்டால் சைவச் சோறு. மற்ற எல்லாவற்றிலும் நுவோக் மாம் என்ற மீன் சாறு இருக்கும். கருவாட்டு வாசனையில் வளர்ந்த பிள்ளைக்கு அது ஒரு பிரச்சினையா? சாலையோரக் காபிக் கடைகளில் தூளி மாதிரி வலை கட்டியிருப்பார்கள். ஒரு காபி வாங்கினால் வெயில் தாழும் வரை படுத்துக்கொள்ளலாம்.

கே: விமானத்தில் சைக்கிளை எப்படிக் கொண்டுபோனீர்கள்?
– வாசகர், வியாசர்பாடி

ப: ரத்தன் பஜார் சைக்கிள் கடையில் பழைய அட்டைப்பெட்டி கேட்டு வாங்கினேன். முன் சக்கரம், பெடல்களைக் கழற்றி, ஹேண்டிலைத் திருப்பி வைத்தால் அடங்கிவிடும். இடது பெடலின் மரை மட்டும் தலைகீழ். அது தெரியாமல் கிளம்புகிற ராத்திரி அரை மணி நேரம் இறுக்கிக்கொண்டே இருந்தேன். கடைசியில் பஞ்சர் கடை அண்ணன்தான் ஸ்பேனரில் பைப்பைச் செருகிக் கழற்றினார். அப்புறம், அங்கே வண்டிகள் வலப்பக்கம் போகும். பின்னால் பார்க்கும் கண்ணாடியை இடது கைப்பிடிக்கு மாற்றுங்கள். நான் மாற்றியது மூன்றாம் நாள்தான்.