விசிட் விசாவில் போகச் சொல்கிறார் ஏஜென்ட்: பணமும் பாஸ்போர்ட்டும் திரும்ப வருமா?

கேள்வி: என் தம்பி ஐடிஐ முடித்த வெல்டர். துபாயில் வேலை வாங்கித் தருவதாக எங்கள் ஊர்க்காரர் ஒருவர் 1,20,000 ரூபாய் பேசினார். நகையை அடகு வைத்து 60,000 ரூபாயை மூன்று தடவையாக ஜிபேயில் அனுப்பிவிட்டோம். பாஸ்போர்ட்டும் அவரிடம்தான் இருக்கிறது. இப்போது, "முதலில் விசிட் விசாவில் போகட்டும், அங்கே போனதும் கம்பெனி விசாவுக்கு மாற்றிவிடுவார்கள்" என்கிறார். மீதிப் பணத்தை உடனே கேட்கிறார். வேண்டாம் என்று சொன்னால் கொடுத்த பணமும் பாஸ்போர்ட்டும் திரும்பக் கிடைக்குமா?
- அறந்தாங்கி வாசகி

பதில்: மீதிப் பணத்தில் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள் சகோதரி. தம்பியை விசிட் விசாவில் ஏற்றி விடவும் வேண்டாம். பாஸ்போர்ட்டைக் கட்டாயம் திரும்ப வாங்கிவிடலாம். பணத்தை வாங்க அலைய வேண்டியிருக்கும். ஆனாலும் ரொக்கமாகக் கொடுக்காமல் ஜிபேயில் அனுப்பியதால் உங்கள் கையில் நல்ல ஆதாரம் இருக்கிறது.

விசிட் விசா விஷயத்தைக் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் ஏஜென்ட் சொல்வதில் பாதி உண்மை. விசிட்டில் துபாய் போய், வேலை தேடி, கம்பெனி விசா எடுத்துக் கொடுத்த பிறகு முறையாக மாற்றிக்கொண்டவர்கள் உண்டு. அந்த நாட்டுச் சட்டம் அதைத் தடுக்கவில்லை. உங்கள் தெருவிலேயே அப்படிப் போனவர் யாராவது இருப்பார், அவரைத்தான் ஏஜென்ட் உதாரணம் காட்டுவார். ஆனால் அவர் தன் கைக்காசில் போய், தானே வேலை தேடியவர். விசா மாறும்வரை ஒரு நாள்கூட வேலை செய்யக் கூடாது. கிடைக்காவிட்டால் திரும்பி வரத் தயாராகத்தான் போயிருப்பார். உங்கள் தம்பியிடம் சொல்லப்பட்டது வேறு. வேலை தயார், கம்பெனி தயார் என்று சொல்லித்தானே பணம் வாங்கினார்கள்? கம்பெனி தயாராக இருந்தால் அதுவே இங்கிருக்கும்போதே வேலைக்கான விசாவை அனுப்பியிருக்கும். அனுப்பவில்லை என்றால் கம்பெனி இல்லை, அல்லது கம்பெனிக்கு உங்கள் தம்பியைப் பற்றி எதுவும் தெரியாது. விசிட் விசாவில் வேலை செய்து பிடிபட்டால் அபராதமும் நாடுகடத்தலும் தம்பிக்குத்தான். ஏஜென்ட் இங்கே நிம்மதியாக இருப்பார்.

2022-ல் தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை என்று நம்பிக் கிளம்பிய நம் பிள்ளைகள், எல்லை தாண்டி மியான்மரின் மியாவாடியில் இணைய மோசடிக் கும்பலிடம் சிக்கி மீட்கப்பட்டதை நினைத்துப் பாருங்கள். வேலைக்கான விசா இல்லாமல் கிளம்புகிறவர் எங்கே கொண்டுபோகப்படுவார் என்பது அவர் கையில் இல்லை.

அடுத்து, அந்த ஊர்க்காரர். 1983-ஆம் வருட குடிபெயர்வுச் சட்டப்படி, மத்திய வெளியுறவு அமைச்சகத்தின் பதிவுச் சான்று இல்லாமல் யாரும் வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கக் கூடாது. ஏஜென்ட்டுக்காக ஊரில் ஆள் பிடித்துக் கொடுக்கும் சப்-ஏஜென்ட் என்ற ஒருவரைச் சட்டம் ஏற்கவே இல்லை. ஆனால் நான் பார்க்கும் பத்துப் புகாரில் எட்டு சப்-ஏஜென்ட்டில்தான் ஆரம்பிக்கிறது. டீக்கடையில் பேச்சு, வாட்ஸ்அப்பில் விசா காப்பி, கேட்டால் யாரோ ஒருவருடைய லைசென்ஸின் ஜெராக்ஸ். அந்த ஜெராக்ஸைப் பார்த்து ஏமாறாதீர்கள். அதிலிருக்கும் எண்ணை இ-மைக்ரேட் அரசு இணையதளத்தில் தேடுங்கள். பதிவு நடப்பில் இருக்கிறதா, நிறுத்திவைக்கப்பட்டிருக்கிறதா, ரத்தாகிவிட்டதா என்று அங்கே தெரியும். பிறகு, ஜெராக்ஸில் உள்ள போன் நம்பரை விட்டுவிட்டு, இணையதளத்தில் உள்ள நம்பருக்குப் பேசி, "இந்த ஆள் உங்கள் ஆளா, துபாய்க்கு வெல்டர் எடுக்கிறீர்களா?" என்று கேளுங்கள். ஐந்து நிமிட வேலை. நகையை அடகு வைப்பதற்கு முன்னால் செய்ய வேண்டியது, இருந்தாலும் இப்போதாவது செய்துவிடுங்கள்.

பதிவு பெற்ற ஏஜென்ட்டே ஆனாலும் சேவைக் கட்டணமாக வாங்கக்கூடிய உச்ச வரம்பு 30,000 ரூபாய். 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தால் 35,400. அதற்கு ரசீது தர வேண்டும். துபாய் இருக்கும் ஐக்கிய அரபு அமீரகத்தின் 2021-ஆம் வருடத் தொழிலாளர் சட்டமோ, ஆள் எடுக்கும் செலவைத் தொழிலாளியிடம் வாங்கக் கூடாது என்று முதலாளிக்கே தடை போட்டிருக்கிறது. இந்த 1,20,000 எந்தக் கணக்கிலும் வராது.

"உன் தம்பி பத்தாவது பாஸ், ஈசிஎன்ஆர் பாஸ்போர்ட், அதனால் இதெல்லாம் உனக்குப் பொருந்தாது" என்று அவர் சொல்லலாம். பொய். அந்த வகைப் பாஸ்போர்ட்காரர் கிளம்பும்முன் அரசிடம் குடிபெயர்வு அனுமதி வாங்க வேண்டியதில்லை, அவ்வளவுதான். ஆள் எடுப்பவருக்கு லைசென்ஸ் வேண்டாம் என்று அதற்கு அர்த்தமில்லை.

பாஸ்போர்ட் ஏஜென்ட்டின் அடமானப் பொருள் இல்லை. சட்டப்படி அது மத்திய அரசின் சொத்து. "பாக்கியைக் கட்டினால்தான் தருவேன்" என்று சொல்ல எவருக்கும் உரிமை கிடையாது. இரண்டு நாளில் திருப்பித் தரச் சொல்லி வாட்ஸ்அப்பில் எழுதிக் கேளுங்கள், பதிலைப் பத்திரப்படுத்துங்கள். தரவில்லை என்றால் போலீஸ் புகாரிலேயே அதைச் சேர்த்து, திருச்சி பாஸ்போர்ட் அலுவலகத்துக்கும் எழுதுங்கள். ஒரு விஷயம்: "தொலைந்துவிட்டது என்று புகார் கொடுத்துப் புதிதாக எடுத்துக்கொள்" என்று யாராவது யோசனை சொல்வார்கள். அதைச் செய்யவே செய்யாதீர்கள். இருக்கும் இடம் தெரிந்த பாஸ்போர்ட்டைத் தொலைந்தது என்று எழுதிக் கொடுத்தால் மாட்டிக்கொள்வது தம்பிதான்.

போலீஸ் ஸ்டேஷனில் "இது பணம் கொடுக்கல் வாங்கல், நீங்களே பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்" என்பார்கள். கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. இது ஏமாற்றுக் குற்றம், அதோடு லைசென்ஸ் இல்லாமல் ஆள் எடுத்த குற்றம். "வெளிநாட்டு வேலை கேஸுக்கு டெல்லியில் அனுமதி வாங்க வேண்டும்" என்று இன்னொருவர் சொல்லலாம். பொதுவாக அந்த அனுமதி தேவைதான். ஆனால் பாதிக்கப்பட்டவரோ, அவருக்காகப் பெற்றோர், கணவன், மனைவி, உடன்பிறந்தவர் ஆகியோரில் ஒருவரோ புகார் கொடுத்தால் அந்த அனுமதி வேண்டியதில்லை என்று அதே குடிபெயர்வுச் சட்டத்தின் 27-வது பிரிவு சொல்கிறது. அக்காவான நீங்களே கொடுக்கலாம். பிரிவு எண்ணை ஒரு தாளில் எழுதிக் கையோடு கொண்டுபோங்கள். புகாரை வாங்கிக்கொண்டதற்கு அத்தாட்சியான சிஎஸ்ஆர் ரசீது வாங்காமல் ஸ்டேஷனை விட்டு வராதீர்கள். ரசீதே தரவில்லை என்றால் மாவட்ட எஸ்பிக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள்.

இந்தச் சட்டத்தில் சிறை இரண்டு வருடம் வரை என்று இருந்தாலும், அபராதம் இன்னமும் 2,000 ரூபாய் வரைதான். 1983-ல் எழுதிய தொகை. லட்சக்கணக்கில் சுருட்டுகிறவனுக்கு அது ஒரு வேளை பிரியாணிச் செலவு. இதைத் திருத்தச் சொல்லி எத்தனை கூட்டத்தில்தான் பேசுவது?

சரி, உங்கள் வேலைக்கு வருவோம். புகாரில் கோபத்தைக் குறைத்து, தேதிகளை அதிகம் எழுதுங்கள். எந்த நாளில் எவ்வளவு அனுப்பினீர்கள், யார் பெயரில் இருந்த நம்பருக்குப் போனது, அவர் என்ன வேலை, எவ்வளவு சம்பளம் என்று சொன்னார் என்பதெல்லாம் வேண்டும். வங்கியில் ஸ்டேட்மென்ட் வாங்கி அந்த மூன்று வரிகளிலும் கோடு போடுங்கள். வாட்ஸ்அப் செய்திகளையும் குரல் பதிவுகளையும் அழிக்காமல் இன்னொரு போனிலும் ஏற்றி வையுங்கள். அதே புகாரின் நகலைச் சென்னையில் உள்ள குடிபெயர்வோர் பாதுகாப்பு அலுவலகத்துக்கும் அனுப்புங்கள், இ-மைக்ரேட் தளத்திலும் பதியுங்கள். சந்தேகம் இருந்தால் 1800 11 3090 என்ற வெளியுறவு அமைச்சகத்தின் இலவச எண்ணில் கேட்கலாம்.

புகார் போனது தெரிந்ததும், பாதிப் பணத்தைத் தருகிறேன், வாபஸ் வாங்கு என்று ஆள் அனுப்புவார். முழுப் பணமும் உங்கள் வங்கிக் கணக்குக்கு வந்து, பாஸ்போர்ட் தம்பி கைக்கு வரும்வரை எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.