புக் தப்பா, காத்தாடி தப்பா?

கேள்வி: சார், எங்க மொட்டை மாடில ஏறி நின்னா சுத்திப் பூரா காத்தாடிதான், அதான் கரண்ட் எடுக்குற காத்தாலை. ஆடில எல்லாம் மேக்க பாத்து பேய் மாதிரி சுத்துது, மார்கழில வடகிழக்க பாத்துத் திரும்பிக்குது. ஆனா என் பொண்ணோட புக்ல, பூமத்திய ரேகைக்கு வடக்க வியாபாரக் காற்று வடகிழக்குல இருந்துதான் வீசும்னு போட்டிருக்கு. எது தப்பு?
– ஒரு வாசகி, வள்ளியூர்

பதில்: ரெண்டுமே சரிதாங்க. பூமத்திய ரேகைகிட்ட வெயில்ல சூடாகுற காத்து மேல போகும், சுமார் 16 கிலோமீட்டர் வரைக்கும் போயிட்டு அதுக்கு மேல போக முடியாம வடக்கயும் தெக்கயும் பிரிஞ்சு, கிட்டத்தட்ட 30 டிகிரி பக்கம் கீழ இறங்கும். மழையை எல்லாம் ஏற்கெனவே கொட்டிட்டு இறங்குற வறண்ட காத்து அது, சஹாராவும் அரேபியப் பாலைவனமும் அந்தப் பக்கமா இருக்குறது சும்மா இல்ல. இறங்குனது தரையோட தரையா மறுபடி பூமத்திய ரேகைக்கே வரும்.

ஆனா நேரா வராது. பூமி சுத்துற வேகம் பூமத்திய ரேகைல மணிக்கு சுமார் 1670 கிலோமீட்டர், 30 டிகிரில 1450தான். வேகமா போற பஸ்ல உக்காந்து பாத்தா மெதுவா வர்ற பைக் பின்னாடி போற மாதிரி தெரியும்ல, அதே கதைதான், காத்து பின்தங்கி, வடக்க வடகிழக்குல இருந்தும் தெக்க தென்கிழக்குல இருந்தும் வர்ற மாதிரி ஆயிடுது, இதுதான் வியாபாரக் காற்று. 1735லயே இதைச் சொன்னவர் ஜார்ஜ் ஹாட்லி, ஆளு படிச்சது வக்கீலுக்கு! கணக்குல கொஞ்சம் கோட்டை விட்டாலும் அடிப்படை யோசனை அவரோடதுதான், அதனாலதான் இந்தச் சுழற்சிக்கே ஹாட்லி செல்னு பேரு.

இப்ப உங்க ஆடிக்கு வருவோம். ஜூன்ல சூரியன் கடக ரேகைக்குப் போயிடும், கூடவே காத்து மேல ஏறுற இடமும் வடக்க நகர்ந்து கங்கைச் சமவெளி வரைக்கும் போயிடுது. அதனால மொரிஷியஸுக்கும் தெக்க இருந்து கிளம்புற தென்கிழக்குக் காத்து பூமத்திய ரேகையோட நிக்காம அதைத் தாண்டி வருது. தாண்டுனதும் பூமி சுத்துறதோட விளைவு தலைகீழ், தெக்க இடது பக்கம் வளைஞ்சது வடக்க வலது பக்கம் வளையும், சோமாலியா கரையோரமா வேகமெடுத்து தென்மேற்குக் காத்தா நம்ம பக்கம் திரும்பிடுது. மழையைக் கேரளாவுல இறக்கி வச்சிட்டு ஆரல்வாய்மொழி, செங்கோட்டை, பாலக்காடு கணவாய் சந்து வழியா பிதுங்கிக்கிட்டு வரும்போதுதான் அம்மி பறக்குது, உங்க காத்தாடியும் மேக்க பாக்குது. சூரியன் தெக்க போனதும் எல்லாம் பழையபடி. அதாவது மார்கழி வாடை இருக்கே, அதுதான் புக்ல சொல்ற அசல் வியாபாரக் காற்று, ஆடிக் காத்துதான் எல்லை தாண்டி வந்த விருந்தாளி.

கேள்வி: நியூயார்க்ல இருந்து லண்டன் போக 7 மணி நேரம், திரும்ப வர 8 மணி நேரம். பூமி சுத்துறதாலதான?
– ஒரு வாசகர், திருச்சி

பதில்: இல்ல. பூமியோட சேந்து காத்தும் சுத்துது, அதுல மிதக்குற பிளேனும் சுத்துது, அதனால லண்டன் ஓடி வந்து எதிர்ல நிக்காது. காரணம் ஜெட் ஸ்ட்ரீம். பிளேன் பறக்குற 10 கிலோமீட்டர் உயரத்துல மேற்குல இருந்து கிழக்க ஓடுற காத்தாறு, மணிக்கு 200 கிலோமீட்டரைத் தாண்டுறது சாதாரணம். போகும்போது முதுகுல தள்ளும், வரும்போது மூஞ்சில அடிக்கும். குளிர்காலத்துல இன்னும் ஜாஸ்தி, துருவத்துக்கும் வெப்ப மண்டலத்துக்கும் இருக்குற சூட்டு வித்தியாசம் அப்பதான் கூடுது.

கேள்வி: வாஷ்பேசின் தண்ணி ஆஸ்திரேலியாவுல எதிர்ப் பக்கமா சுழிச்சு இறங்குமாமே?
– ஒரு மாணவர், ஈரோடு

பதில்: வாட்ஸ்அப்பை நம்பாதீங்க தம்பி. புயல் அந்தப் பக்கம் எதிர்த் திசைல சுத்துறது நிஜம், அது நூத்துக்கணக்கான கிலோமீட்டர் அகலம், அவ்ளோ பெருசா இருக்குறதாலதான் பூமி சுத்துறது அதைத் திருப்புது, சின்ன பேசின்ல அது எடுபடாது. பேசின்ல எந்தப் பக்கம் சுழிக்கும்னு முடிவு பண்றது பேசினோட வடிவமும் நீங்க குழாயைத் திறந்த விதமும்தான்.