ஐந்தேகால் மணிக்கு வரும் கோபம்

வாசகியின் கடிதம்

மேடத்துக்கு வணக்கம்.

என் மகனுக்கு ஏழு வயது, இரண்டாம் வகுப்பு. திருப்பூரில் இருக்கிறோம். அவன் அப்பா பனியன் கம்பெனியில் டெய்லர். பெரும்பாலும் ஒன்றரை ஷிப்ட்தான், வீடு வர ஒன்பது தாண்டிவிடும். எட்டு மாதத்தில் ஒரு பெண் குழந்தையும் இருக்கிறாள். மாமியார் எங்களோடு இருக்கிறார்.

பையன் பள்ளியில் தங்கமான பிள்ளை. மிஸ் இதுவரை ஒரு குறை சொன்னதில்லை. சாயங்காலம் ஐந்தேகாலுக்கு வேனை விட்டு இறங்கி வீட்டுக்குள் கால் வைத்ததும்தான் ஆரம்பிக்கும். ஷூ லேஸ் அவிழவில்லை என்றால் அழுகை, கை கழுவச் சொன்னால் கத்தல். பையை வீசிவிட்டு பாத்ரூமுக்கு ஓடுவான். சில நாள் போய்ச் சேர்வதற்குள் டிரவுசரில் கொஞ்சம் போய்விடும், அதற்கும் ஒரு அழுகை. ஐந்தரைக்கு டியூஷனுக்குக் கிளப்புவதற்குள் எனக்கு உயிர் போய்விடுகிறது. ஏழு மணிக்குத் திரும்பி வந்து டீயும் பிஸ்கட்டும் சாப்பிட்டால் கொஞ்சம் அடங்குவான். அப்பா வந்ததும் ஒரே குதியாட்டம். களைப்பே தெரியாது. தூங்கப் பதினொன்று ஆகும். காலை ஆறு மணிக்கு எழுப்பினால் மறுபடியும் சண்டை.

டிபன் பாக்ஸ் பாதி அப்படியே வரும். தண்ணீர் பாட்டில் நான் நிரப்பிக் கொடுத்தபடியே வரும். அதற்கும் ஒரு சாக்கு வைத்திருக்கிறான்: ஸ்கூல் பாத்ரூம் நாறுகிறதாம்.

போன வாரம் தங்கையைத் தள்ளிவிட்டான். குழந்தைக்கு நெற்றி வீங்கிவிட்டது. எனக்கு என்ன வந்ததென்று தெரியவில்லை, கரண்டியால் அடித்துவிட்டேன். அவன் கையில் தடித்துவிட்டது. அன்று ராத்திரி தூக்கத்தில் விசும்பிக்கொண்டே இருந்தான். 'செல்லம் குடுத்துக் கெடுத்துட்டே' என்கிறார் மாமியார். இவனுக்கு மனதில் ஏதாவது கோளாறா மேடம்? நான் அடித்ததை அவன் மறந்துவிடுவானா?

- பெயர் வேண்டாம், திருப்பூர்

ஆலோசகரின் பதில்

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். மகனின் குணத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். அதற்குப் பதில் சொல்வதற்கு முன்னால் அவனுடைய ஒரு நாளைப் பார்ப்போம். வேண்டியதெல்லாம் நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

மதியம் பாதிச் சாப்பாடுதான் சாப்பிடுகிறான். அதற்குப் பிறகு அவன் வயிற்றுக்குள் ஏதாவது போவது ஏழு மணிக்கு. பெரியவர்களான நமக்கே இவ்வளவு நேரம் சாப்பிடாமல் இருந்தால் கை நடுங்கும், யார் எது கேட்டாலும் எரிந்து விழுவோம். ரத்தத்தில் சர்க்கரை இறங்கும்போது அதை மேலே தூக்க உடம்பு அட்ரினலினைச் சுரக்கும். சண்டையிலும் பயத்திலும் சுரப்பதும் இதேதான். அந்த நிலையில் இருக்கும் ஏழு வயதுக் குழந்தையிடம் ஒரு ஷூ லேஸ் மாட்டிக்கொண்டால் என்ன ஆகும்?

பாத்ரூம் நாறுகிறது என்பதைச் சாக்கு என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அது சாக்காகத் தெரியவில்லை. அங்கே போகப் பிடிக்காததால் தண்ணீர் குடிப்பதை நிறுத்தியிருக்கிறான், நாள் முழுக்க அடக்கிக்கொண்டிருக்கிறான். முட்டிக்கொண்டு வீடு வந்து சேர்பவனை வாசலிலேயே நிறுத்தி 'கை கழுவினியா' என்று கேட்கிறோம். டிரவுசர் நனைவதும் இதனால்தான் இருக்கும். அடக்கி அடக்கி மலச்சிக்கல் வந்துவிட்டால் அது சிறுநீர்ப் பையையும் அழுத்தும், அவசரம் இன்னும் கூடும். தண்ணீர் குடிப்பதற்கென்றே மணி அடிக்கும் வழக்கம் 2019-இல் கேரளப் பள்ளிகளில் தொடங்கி இன்று தமிழ்நாட்டிலும் வந்திருக்கிறது. நல்ல விஷயம்தான். ஆனால் கழிப்பறை சுத்தமாக இல்லாத பள்ளியில் எத்தனை மணி அடித்தாலும் பிள்ளை குடிக்காது. இன்னும் நாலைந்து தாய்மார்களைச் சேர்த்துக்கொண்டு பள்ளியில் போய்ப் பேசுங்கள். தனியாகப் போனால் கேட்டுவிட்டு விட்டுவிடுவார்கள்.

அடுத்தது தூக்கம். பதினொன்று முதல் ஆறு வரை என்றால் ஏழு மணி நேரம். ஆறு முதல் பன்னிரண்டு வயது வரை உள்ள பிள்ளைகளுக்கு 9 முதல் 12 மணி நேரம் வேண்டும். தினமும் குறைந்தது இரண்டு மணி நேரக் கடனோடு அவன் ஓடிக்கொண்டிருக்கிறான். 'களைப்பே தெரியாது' என்று எழுதியிருக்கிறீர்களே, அந்தக் குதியாட்டமே களைப்புதான். தூக்கம் போதாத பெரியவர்கள் சோர்ந்து உட்காருவார்கள். குழந்தைகள் பல பேர் அதற்கு நேர்மாறாகத் துள்ளுவார்கள், சின்ன விஷயத்துக்கும் உடைந்து அழுவார்கள்.

பள்ளியில் நல்ல பிள்ளையாக இருப்பதற்கு அவன் எவ்வளவு செலவழிக்கிறான் என்றும் யோசித்துப் பாருங்கள். ஆசையையும் கோபத்தையும் அடக்கி வைப்பது மூளையின் முன்பகுதி. அது முழுதாக வளர்ந்து முடிய இருபத்தைந்து வயதுபோல் ஆகும். இந்த அரைகுறை வளர்ச்சியை வைத்துக்கொண்டு காலையிலிருந்து வரிசையில் நின்று, பேசாமல் இருந்து, எழுதச் சொன்னதை எழுதி, பயம் வந்தாலும் காட்டாமல் இருந்துவிட்டு வருகிறான். அடக்கியதையெல்லாம் எங்கே கொட்டுவான்? திட்டினாலும் தன்னைக் கைவிட மாட்டாள் என்று நம்புகிற இடத்தில்தான். அந்த இடம் நீங்கள்.

சரி, என்ன செய்யலாம்? முதல் மூன்று வாரத்துக்கு அவனைத் திருத்தும் வேலையை விட்டுவிட்டு அவனுடைய சாயங்காலத்தை மட்டும் மாற்றுங்கள். வேன் வந்ததும் கேள்வி வேண்டாம். நேராக பாத்ரூம், அப்புறம் ஒரு டம்ளர் தண்ணீர். உடனே சாப்பிட ஏதாவது கையில் கொடுங்கள். வேகவைத்த கடலை, சுண்டல், வாழைப்பழம், காலையில் மிஞ்சிய இட்லி, எது இருந்தாலும் சரி. கை, கால், ஷூ, ஹோம்வொர்க் எல்லாம் அதற்குப் பிறகு. டீயை நிறுத்திவிடுங்கள். சாப்பாட்டில் இருக்கும் இரும்புச் சத்தை உடம்பு எடுத்துக்கொள்வதை டீ தடுக்கும், தூக்கத்தையும் தள்ளிப்போடும்.

டியூஷன் பற்றி என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். இரண்டாம் வகுப்புக்கு அது வேண்டாம். ஒன்று, இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடமே கொடுக்கக்கூடாது என்று சி.பி.எஸ்.இ. பள்ளிகளுக்குச் சென்னை உயர் நீதிமன்றம் 2018-இல் உத்தரவு போட்டது. அந்த ஒன்றரை மணி நேரத்தில் அவன் தெருவில் ஓடட்டும், சைக்கிள் மிதிக்கட்டும். ஓடி விளையாடிய பிள்ளைக்குப் பசியும் தூக்கமும் நேரத்தோடு வரும். ஒன்பதுக்குள் படுக்க வைக்கப் பாருங்கள். அப்பாவைப் பார்க்கத்தான் விழித்திருக்கிறான் என்பதும் எனக்குப் புரிகிறது, அந்த ஆசையை வெட்டிவிடக்கூடாது. அப்பா காலையில் அவனை எழுப்பிக் குளிப்பாட்டி வேன் வரை கொண்டுவந்து விடட்டும். ஞாயிற்றுக்கிழமை முழுக்க அவனோடு இருக்கட்டும்.

எட்டு மாதம் முன்புவரை உங்கள் மடி அவனுக்கு மட்டும் சொந்தம். தினமும் பத்து நிமிடம் தங்கையைப் பாட்டியிடம் கொடுத்துவிட்டு அவனோடு மட்டும் உட்காருங்கள். படிப்பைப் பற்றிப் பேசாதீர்கள், அவன் சொல்கிற விளையாட்டை விளையாடுங்கள். இதற்கு மாமியாரின் துணை வேண்டும். செல்லம் கெடுத்துவிட்டது என்று அவர் சொல்வதும் பேரன்மேல் உள்ள கவலையில்தான். 'வந்ததும் அவனுக்குச் சாப்பிட நீங்களே குடுங்க அத்தை' என்று அந்தப் பொறுப்பை அவரிடமே கொடுத்துப் பாருங்கள்.

பசியோடு இருக்கிறான் என்பதற்காகத் தங்கையைத் தள்ளுவதை விட்டுவிட முடியாது. அந்த நேரத்தில் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். 'பாப்பாவைத் தள்ள விடமாட்டேன்' என்று ஒரே ஒரு முறை தாழ்ந்த குரலில் சொல்லுங்கள். புத்தி சொல்வது அழுகை ஓய்ந்தபிறகு, இரண்டே வாக்கியத்தில். கத்திக்கொண்டிருக்கும் குழந்தைக்குக் காது வேலை செய்யாது. பக்கத்தில் இருப்பவரின் மூச்சும் குரலும் நிதானமாக இருந்தால் அது மெல்ல அவனிடமும் போய்ச் சேரும்.

ஒருமுறை டாக்டரிடம் காட்டி ஹீமோகுளோபின் பார்த்துவிடுங்கள். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் பாதிக்கு மேல் ரத்தசோகை உள்ளவர்கள். உங்கள் பையன் அந்த வயதைத் தாண்டியிருந்தாலும் சிடுசிடுப்புக்கு அதுவும் காரணமாக இருக்கலாம். தூங்கும்போது வாயைத் திறந்து குறட்டை விடுகிறானா என்று பார்த்து அதையும் சொல்லுங்கள். மூக்கின் பின்னால் சதை வளர்ந்திருந்தால் எவ்வளவு நேரம் தூங்கினாலும் போதாது. சிறுநீர் போகும்போது எரிகிறதா என்றும் கேளுங்கள். இவ்வளவும் சரிசெய்து ஒன்றரை மாதம் ஆகியும் மாற்றம் இல்லையென்றால், அல்லது தன்னைத்தானே காயப்படுத்திக்கொண்டால், குழந்தை மனநல மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். இப்போது நீங்கள் எழுதியதில் கோளாறு என்று சொல்லும்படி எனக்கு எதுவும் தெரியவில்லை.

உங்களைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. எட்டு மாதக் கைக்குழந்தையோடு ராத்திரி எத்தனை முறை எழுந்திருக்கிறீர்கள், நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா? அன்று கரண்டியை எடுத்த கை, தூங்காத ஒருத்தியின் கை. பையனுக்குச் சுண்டல் வைக்கும்போது நீங்களும் ஒரு கிண்ணம் எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்காருங்கள். மனசு பாரமாகவே இருக்கிறது, அழுகை அடிக்கடி வருகிறது என்றால் 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணுக்குக் கூப்பிடுங்கள். காசு இல்லை, தமிழிலேயே பேசலாம்.

கடைசியாகக் கேட்டீர்களே, மறந்துவிடுவானா என்று. மறக்காமலும் இருக்கலாம். அதனால் நீங்களே அந்தப் பேச்சை எடுங்கள். அவன் சாப்பிட்டு முடித்து, வீடு அமைதியாக இருக்கும் நேரமாகப் பாருங்கள். அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு, 'அன்னைக்கு அம்மா அடிச்சது தப்பு கண்ணு. வலிச்சிருக்கும். இனிமே கோபம் வந்தா அம்மா கரண்டியை எடுக்க மாட்டேன்' என்று சொல்லுங்கள். 'நீ தள்ளினதாலதான்' என்று அதோடு எதையும் சேர்க்காதீர்கள். அவன் பதில் சொல்லாமல் ஓடிவிட்டாலும் பரவாயில்லை, கேட்டிருப்பான்.