மூன்று சக்கர டூரிங் பைக்: வாசகர் கேள்வியும் பதிலும்

கேள்வி: எனக்கு அறுபத்து மூன்று வயது ஆகிறது. இளமை முதல் இருசக்கர வாகனமே ஓட்டி வந்தேன். முழங்கால் அறுவை சிகிச்சைக்குப் பிறகு, நிற்கும் வேளையில் கனமான பைக்கைக் காலால் தாங்க இயலவில்லை. நானும் என் மனைவியும் நெடும்பயணத்தைக் கைவிட மனமின்றி, மூன்று சக்கர டூரிங் பைக் ஒன்றை வாங்க எண்ணியுள்ளோம். முன்னால் இரண்டு சக்கரம் இருப்பது நல்லதா, பின்னால் இருப்பது நல்லதா?

பதில்: முதலில் ஒரு வகையை நீக்கிவிடலாம். வளைவில் இருசக்கர வண்டியைப் போலவே சாயும் மூன்று சக்கர வண்டிகள் உண்டு. 2018-இல் விற்பனைக்கு வந்த யமஹா நைக்கன் அத்தகையது. ஓட்டுவதற்கு இனிமையானது என்றாலும், நிறுத்தும்போது அது தானாக நிமிர்ந்து நிற்காது. காலை ஊன்றித்தான் ஆக வேண்டும். 2006-இல் அறிமுகமான பியாஜியோ எம்பி3 ஸ்கூட்டரில் சாய்வைப் பூட்டி வைக்கும் வசதி உண்டு, ஆனால் அது இருவர் சாமான்களுடன் நாள் முழுதும் செல்வதற்காக உருவான வண்டி அன்று. ஆகவே, உங்கள் முழங்காலுக்குச் சாயாத வண்டியே பொருந்தும்.

சாயாத வண்டிகளில் உங்கள் முன் இருக்கும் இரு பெரும் தேர்வுகள், கான்-ஆம் ஸ்பைடர் ஆர்டியும் ஹார்லி டேவிட்சன் ட்ரை க்ளைட் அல்ட்ராவும் ஆகும். கனடாவின் பிஆர்பி நிறுவனம் 2007-இல் அறிமுகப்படுத்திய ஸ்பைடருக்கு முன்னால் இரண்டு சக்கரம். அதன் டூரிங் வடிவமான ஆர்டி 2010 மாடலாக வந்தது, 2014 முதல் 1330 சிசி மூன்று சிலிண்டர் எஞ்சின் பெற்றது. ஹார்லியின் ட்ரை க்ளைட் 2009 மாடலாக வந்தது; அதற்குப் பின்னால் இரண்டு சக்கரம், பெரிய வி-ட்வின் (V வடிவில் அமைந்த இரு சிலிண்டர்) எஞ்சின், வழக்கமான க்ளட்ச், கால் கியர். இரண்டிலும் ரிவர்ஸ் வசதி கிடைக்கிறது. அது இல்லாத வண்டியைக் கருதவே வேண்டாம். ஸ்பைடர் 450 கிலோவுக்கும், ட்ரை க்ளைட் 550 கிலோவுக்கும் மேல் எடையுள்ளவை, சரிவான வாகன நிறுத்தத்தில் இவற்றைப் பின்னுக்குத் தள்ளுவது நல்ல முழங்கால் உள்ளவருக்கே கடினம்.

இரண்டுக்கும் உண்மையான வேறுபாடு பிரேக் பிடிக்கும்போது தெரியும். பிரேக் பிடித்தால் எடை முன்னோக்கிச் செல்கிறது. முன்னால் இரண்டு சக்கரம் இருந்தால் அந்த எடை அகலமான அடித்தளத்தின் மேல் இறங்கும். ஒற்றைச் சக்கரம் இருந்தால் வண்டியின் மிகக் குறுகிய முனையில் இறங்கும். எனவே, வளைவின் நடுவே திடுக்கிட்டுப் பிரேக்கை அழுத்தும் நிலை வந்தால் முன்னிரட்டை வண்டியே நிலைத்து நிற்கும். அதோடு, உட்பக்கச் சக்கரம் தரையை விட்டு எழத் தொடங்கினால் எஞ்சின் விசையைக் குறைத்து, தேவையான சக்கரத்துக்கு மட்டும் பிரேக் கொடுக்கும் மின்னணு ஏற்பாடு ஸ்பைடரில் தொடக்கம் முதலே உள்ளது. பின்னிரட்டை வண்டியில் வளைவுக்கு முன்பே பிரேக்கை முடித்துவிட்டு, மென்மையாக விசை கொடுத்தபடி வளைவைக் கடப்பது முறை. இதைப் பழகிக்கொள்ளும் பொறுமை உள்ளவருக்கு, ட்ரை க்ளைட்டின் நிதானமான எஞ்சினும், இருக்கைக்குப் பின்னே தாழ்வாக அமைந்த பெரிய சாமான் பெட்டியும் நெடுஞ்சாலையில் பெரும் சுகம். உங்கள் நிலையில் நான் ஸ்பைடர் பக்கமே சாய்வேன். இடது முழங்காலா வலதா என்று நீங்கள் எழுதவில்லை, இடது என்றால் கால் கியர் இல்லாத ஸ்பைடரின் அரைத் தானியங்கி அமைப்பு இன்னொரு காரணமாகும்.

கேள்வி: பல ஆண்டுகள் இருசக்கர வண்டி ஓட்டியவனுக்கு மூன்று சக்கர வண்டிக்குத் தனிப் பயிற்சி தேவையா? விற்பனையாளர் தேவையில்லை என்கிறார்.

பதில்: தேவை. அனுபவம் மிகுந்தவருக்கே கூடுதலாகத் தேவை என்பேன். வேகமாகச் செல்லும் இருசக்கர வண்டியை வலப்புறம் திருப்ப, நீங்கள் அறிந்தோ அறியாமலோ வலக்கையால் ஹேண்டில்பாரை முன்னோக்கித் தள்ளுகிறீர்கள்; வண்டி வலப்புறம் சாய்ந்து திரும்புகிறது. சாயாத மூன்று சக்கர வண்டியில் அதையே செய்தால் அது இடப்புறம் போகும். இங்கே வலப்புறம் திரும்ப இடக்கை தள்ள வேண்டும், வலக்கை இழுக்க வேண்டும், உடலைச் சற்று முன்னும் வளைவின் உட்புறமும் சாய்க்க வேண்டும். நிதானமாக ஓட்டும்போது இதை நினைவில் வைத்திருப்பீர்கள். திடீரென ஒரு நாய் குறுக்கே வந்தால் கைகள் பழைய பழக்கத்துக்கே ஓடும். காலியான மைதானத்தில், அந்தப் பழக்கம் கைகளை விட்டு நீங்கும் வரை திருப்பங்களைப் பயில்வதைத் தவிர வேறு வழியில்லை.

இன்னும் இரண்டு பழக்கங்கள் மாற வேண்டும். நிற்கும்போது காலைத் தரையில் வைக்காதீர்கள். பின்னிரட்டை வண்டியில் பின்சக்கரம் உங்கள் பாதத்தின் மேல் ஏறக்கூடும். சாலைக் குழியை இரு சக்கரங்களுக்கு நடுவே விட்டுச் செல்லலாம் என்று எண்ணாதீர்கள். மூன்றாவது சக்கரம் சரியாக அந்த நடுவில்தான் வருகிறது. ஓட்டுநர் உரிமத்துக்கான விதி நாட்டுக்கு நாடு மாறுவதால், முன்பணம் கொடுப்பதற்கு முன்பே போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டு உறுதி செய்துகொள்வது நல்லது.

கேள்வி: வாங்கிய புதிதில் ஸ்பைடரில் மூன்று மணி நேரம் ஓட்டினாலே அடிமுதுகும் தோளும் வலிக்கின்றன. ஜெல் சீட் வாங்கலாமா, காற்றடைத்த மெத்தை வாங்கலாமா, நல்ல முதுகுச் சாய்வு வாங்கலாமா என்று குழம்புகிறேன்.

பதில்: மூன்றையும் சற்று ஒத்திவையுங்கள். சாயும் வண்டியில் வளைவின் விசை உங்களை இருக்கைக்குள் அழுத்துகிறது. சாயாத வண்டியில் அது உங்களை வெளிப்புறமாகத் தள்ளுகிறது. அந்தத் தள்ளுதலை நீங்கள் எதைப் பிடித்து எதிர்க்கிறீர்கள் என்பதே இங்கே முதல் கேள்வி. பெரும்பாலோர் ஹேண்டில்பாரைப் பிடித்து எதிர்க்கிறார்கள். அதனால் தோள் வலிக்கிறது. கை இறுகுவதால் வண்டியும் நேர்க்கோட்டில் நிற்காமல் அலைகிறது. அலையும் வண்டியை அடக்க மேலும் இறுகப் பிடிக்கிறார்கள்.

ஆகவே முதலில் வளைவில் வண்டியின் உடல் வெளிப்புறம் சரிவதைக் குறையுங்கள். முன் சஸ்பென்ஷனின் இரு பக்கங்களையும் இணைக்கும் ஆன்டி-ரோல் பார் என்ற கம்பியை, அதைவிடத் தடித்த ஒன்றாக மாற்றிக்கொள்வது ஸ்பைடர் ஓட்டுநர்களிடையே நெடுநாளாக உள்ள வழக்கம். துணைக்கருவிப் பட்டியலில் இது சுகத்துக்கான பொருளாக இடம்பெறுவதில்லை. என் பார்வையில் முதலிடம் இதற்கே. கூடவே முன்சக்கரங்களின் அலைன்மென்ட்டைச் சரிபார்க்கச் சொல்லுங்கள், ஷாக் அப்ஸார்பரின் இறுக்கத்தை உங்கள் எடைக்கும் சாமான் எடைக்கும் ஏற்ப அமைக்கச் சொல்லுங்கள், டயர் காற்றழுத்தத்தைக் கையேட்டில் உள்ள அளவில் வையுங்கள். நேர்ச்சாலையில் வண்டி தானாகவே நேராகச் செல்லுமானால் பாதித் தோள்வலி அங்கேயே தீர்ந்துவிடும்.

அடுத்து ஹேண்டில்பார். நிறுத்திய வண்டியில் உங்களுக்கு இயல்பான நிலையில் அமர்ந்து, கண்ணை மூடி, கைகளை ஹேண்டில்பார் இருக்கும் என்று தோன்றும் இடத்துக்கு நீட்டுங்கள். கண்ணைத் திறந்து பார்த்தால் கைப்பிடி பெரும்பாலும் நான்கு விரற்கடை முன்னே இருக்கும். அந்த இடைவெளியை எட்டுவதற்காக இடுப்பு பின்புறமாக உருண்டு, எடை முழுவதும் வால் எலும்பின் மேல் விழுகிறது. அடிமுதுகு வலிக்கு அதுவே காரணம். எந்த ஜெல்லும் அதைத் தீர்க்காது. கைப்பிடியைப் பின்னுக்கும் மேலுக்கும் கொண்டுவரும் ரைசர் பொருத்தினால் தீரும். பொருத்தும்போது ஹேண்டில்பாரை இரு கோடிக்கும் முழுவதுமாகத் திருப்பி, வயர்களும் குழாய்களும் எங்கும் இறுகவில்லை என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

இவையெல்லாம் முடிந்தும் வலி இருந்தால் சீட்டுக்கு வரலாம். கடையில் உட்கார்ந்தவுடன் மெத்தென்று அமுங்கும் சீட்டை நம்பாதீர்கள்; அதே ஃபோம் இரண்டு மணி நேரத்தில் தட்டையாகி அடிப்பலகையைக் காட்டிவிடும். கட்டியான ஃபோம், அகலமான பின்பகுதி, இருபுறமும் சற்று உயர்ந்த விளிம்பு, வழுக்காத உறை ஆகியவை கொண்ட சீட்டே வளைவில் உடலைப் பிடித்து வைக்கும். காற்று மெத்தையை விரும்பினால், அதை நிரம்ப ஊதாமல், நீங்கள் அமர்ந்த நிலையில் அடிப்பலகையிலிருந்து ஒரு விரல் அளவு மட்டும் எழும்படி ஊதுங்கள். முழுதும் ஊதிய மெத்தை மேல் உடல் ஆடும், ஆடுகிற உடல் மீண்டும் ஹேண்டில்பாரைத் தேடும்.

ஓட்டுநருக்கான முதுகுச் சாய்வு உண்மையாகவே உதவும். காலை முன்னே நீட்டி வைக்கும் ஹைவே பெக் பற்றி நீங்கள் கேட்கவில்லை என்றாலும் எச்சரிக்கிறேன்: ஸ்பைடரில் கை பிரேக் கிடையாது, மூன்று சக்கரங்களுக்கும் சேர்த்து வலக்காலில் உள்ள ஒரே மிதிதான். வலக்காலை நீட்டி வைத்திருக்கும் நேரம் முழுதும் உங்களிடம் பிரேக் இல்லை என்று பொருள். ஆள் அரவமற்ற நேர்ச்சாலையில் சற்று நேரம் நீட்டுங்கள், அவ்வளவே.

கேள்வி: உயரமான விண்ட்ஷீல்டு மாற்றிய பின் ஹெல்மெட் முன்பைவிட அதிகமாக ஆடுகிறது. ஏன்?

பதில்: கண்ணாடியின் மேல் விளிம்பைத் தாண்டும் காற்று சுழன்று கீழிறங்குகிறது. அந்தச் சுழல் உங்கள் ஹெல்மெட்டில் வந்து முடிந்தால் தலை ஆடும். பாதுகாப்பான சாலையில் சீரான வேகத்தில் செல்லும்போது சற்றுக் குனிந்து பாருங்கள், பிறகு முதுகை நிமிர்த்திப் பாருங்கள். குனிந்தால் அமைதியாகிறது என்றால் கண்ணாடி இன்னும் உயர வேண்டும். நிமிர்ந்தால் அமைதியாகிறது என்றால் தாழ வேண்டும். மிக உயர்ந்த கண்ணாடிக்குப் பின்னே காற்றழுத்தம் குறைவதால், பின்னாலிருந்து காற்று முதுகைத் தள்ளுவதும் உண்டு. அதற்குக் கீழ்ப்பகுதியில் காற்றுத் திறப்பு உள்ள கண்ணாடியே தீர்வு.

விளிம்பு உங்கள் மூக்கு மட்டத்தில் இருந்து, பார்வை அதன் மேலாகச் செல்வதே நல்ல அமைப்பு. இரவு மழையில், துளிகள் படிந்த கண்ணாடியின் ஊடாக எதிர்வண்டியின் விளக்கைப் பார்க்க நேர்ந்தால் இதன் அருமை புரியும். கண்ணாடியை வெட்டிக் குறைப்பதற்கு முன், வெட்ட நினைக்கும் மட்டத்தில் ஒரு காகித டேப்பை ஒட்டிவிட்டு அமர்ந்து பார்த்தால் பார்வை சரியாக வருமா என்று தெரிந்துவிடும். கண்ணாடியைத் துடைக்க அம்மோனியா கலந்த ஜன்னல் திரவமோ பெட்ரோலோ வேண்டாம். ஈரத்துணியைச் சற்று நேரம் போர்த்தி, ஒட்டிய பூச்சிகள் ஊறிய பின் துடைத்தால் கீறல் விழாது.

கேள்வி: பின்னிருக்கையில் பயணம் செய்பவள் நான். என் கணவர் தமக்காக ஐந்தாறு பொருட்கள் வாங்கிவிட்டார். எனக்கு எது தேவை என்று கேட்டால் "உனக்குத்தான் முதுகுச் சாய்வு இருக்கிறதே" என்கிறார்.

பதில்: இந்தப் பதிலை அவரிடம் படிக்கக் கொடுங்கள். அவருக்குப் பிடித்துக்கொள்ள ஹேண்டில்பார் இருக்கிறது, அடுத்த வளைவு எந்தப் பக்கம் என்பதும் தெரியும். உங்களுக்கு இரண்டும் இல்லை. ஆகவே வெளிப்புறம் தள்ளும் விசையை உங்கள் உடலே முழுமையாகத் தாங்குகிறது. உங்களுக்குத் தேவையானது கைத்தாங்கி. மேல்நோக்கி மடங்கக்கூடியதாக இருந்தால்தான் ஏறி இறங்க முடியும். அடுத்தது, உயரம் மாற்றக்கூடிய அகலமான கால் பலகை. முழங்கால் இடுப்பைவிட உயர்ந்து நின்றால் தொடை தாங்காமல் எடை முழுதும் வால் எலும்புக்குப் போகும். பலகையை ஒரு படி தாழ்த்தினாலே பலருக்கு வலி போய்விடுகிறது. ஹெல்மெட்டுகளுக்கு இடையே பேசும் இன்டர்காமும் வாங்கச் சொல்லுங்கள். "வலது வளைவு வருகிறது" என்று அவர் ஒரு சொல் சொன்னால், பாதிக் களைப்பு குறையும்.

கேள்வி: சூடேறும் கைப்பிடி, சூடேறும் ஜாக்கெட், கூடுதல் விளக்கு, போன் சார்ஜர் ஆகிய எல்லாவற்றையும் பொருத்தலாமா?

பதில்: கூட்டிப் பாருங்கள். ஜாக்கெட் ஒன்று சுமார் 90 வாட் எடுக்கும். இருவர் அணிந்தால் இரு மடங்கு. உங்கள் வண்டியில் மின்சாரம் உண்டாக்கும் ஆல்டர்நேட்டர், வண்டியின் சொந்தத் தேவை போக எவ்வளவு தரும் என்பதைக் கையேட்டில் பார்த்து, அதற்குள் நிற்க வேண்டும். நெரிசலில் எஞ்சின் மெதுவாகச் சுழலும்போது மின் உற்பத்தி குறையும் என்பதால், ஒரு வோல்ட்மீட்டர் பொருத்துவது பயனுள்ளது. முகப்பு விளக்கின் வயரிலிருந்து இணைப்பு எடுக்காமல், ரிலேயும் (மின் சுவிட்ச்) ஃப்யூஸும் உள்ள தனி இணைப்புப் பெட்டியிலிருந்து எடுக்கச் சொல்லுங்கள். போனை ஹேண்டில்பாரில் நேரடியாகப் பிணைக்காதீர்கள். பெரிய எஞ்சின்களின் அதிர்வு ஐபோன் கேமராவைப் பழுதாக்கக்கூடும் என்று ஆப்பிள் நிறுவனமே 2021-இல் எச்சரித்துள்ளது. அதிர்வைத் தாங்கும் ரப்பர் பிடிமானம் வேண்டும்.

கேள்வி: மூன்று சக்கரமாக மாற்றியமைக்கப்பட்ட பழைய ஹோண்டா கோல்ட்விங் ஒன்று விலைக்கு வருகிறது. வாங்கலாமா?

பதில்: நல்ல எஞ்சின், நல்ல இருக்கை, பார்க்க வேண்டியது மாற்றிய வேலையை. இருசக்கர வண்டிக்கென அமைந்த முன்ஃபோர்க்கின் கோணம் அப்படியே இருந்தால், சாயாத வண்டியில் ஹேண்டில்பார் கல் போல் கனக்கும். திருப்பும் பளுவைக் குறைக்கும் மாற்றுக் கோணத் தாங்கி பொருத்தியுள்ளார்களா என்று கேளுங்கள். பின்சக்கரங்கள் ஒரே இறுகிய அச்சில் உள்ளனவா, தனித்தனி சஸ்பென்ஷனில் உள்ளனவா என்று குனிந்து பாருங்கள். முதல் வகையில் ஒரு சக்கரம் குழியில் இறங்கினால் பின்னிருக்கையில் இருப்பவர் பக்கவாட்டில் உலுக்கப்படுவார். பின்சக்கரம் இரண்டிலும் பிரேக் வேலை செய்கிறதா, மாற்றம் பதிவுச் சான்றில் ஏறியுள்ளதா, காப்பீடு அதை ஏற்கிறதா என்பவற்றையும் பாருங்கள். பிறகு உங்கள் துணையையும் ஏற்றிக்கொண்டு, மேடுபள்ளமான சாலையில் ஒரு மணி நேரமாவது ஓட்டிப் பார்க்க உரிமையாளர் சம்மதிக்கிறாரா என்று கேளுங்கள். சம்மதிக்காவிட்டால் வேறு வண்டி பாருங்கள்.