படுத்தபடி படிப்பவருக்கு

கேள்வி: சனி, ஞாயிறு இரண்டு நாளும் எங்கும் போகாமல் வீட்டில் படுத்தபடி புத்தகம் படிக்கிறேன். ஞாயிறு இரவு கணக்குப் பார்த்தால் அரைப் புத்தகம்கூட முடிந்திருப்பதில்லை. நேரத்தை வீணாக்குகிறேனா?

பதில்: இல்லை. ஆனால் ஞாயிறு இரவு கணக்குப் பார்க்கிறீர்களே, அந்தப் பத்து நிமிடம் வீண். இந்த ஆண்டு ஐம்பது, அடுத்த ஆண்டு நூறு என்று வாசிப்புக்கு இலக்கு வைக்கும் பழக்கத்தை இந்தப் பக்கத்தில் பலமுறை திட்டியிருக்கிறேன்; இன்னும் திட்டுவேன். எண்ணிக்கைக்காகப் படிப்பவரின் கண் எப்போதும் அடுத்த பக்கத்தில்தான் இருக்கும். ஒரு வரி பிடித்துப்போய், அதையே மூன்றாம் முறை படித்துவிட்டு, விரலைப் பக்கத்துக்குள் வைத்து மூடிக்கொண்டு ஜன்னலைப் பார்த்தபடி கிடக்கிறோமே, அந்தக் கால் மணி நேரம் எந்தக் கணக்கிலும் ஏறாது. வாரம் முழுக்கத் தேடினாலும் கிடைக்காது.

கணக்கு என்றதும் எனக்கு எஸ். ஆர். ரங்கநாதன் நினைவுக்கு வருகிறார். கணித ஆசிரியராக இருந்து 1924இல் பல்கலைக்கழக நூலகரானவர். நூலகத் துறைக்காக 1931இல் அவர் வெளியிட்ட ஐந்து விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்தச் சொல்கிறது. புத்தகத்தைத் தேடி அலையும் நேரத்தை. கேட்டவர் கைக்கு அது சீக்கிரம் போய்ச் சேர வேண்டும், அவ்வளவுதான். வந்த பிறகு மெதுவாகப் படிக்கலாம், பாதியில் தூங்கிப்போகலாம். அதற்கு அவர் விதி போடவில்லை.

‘படுத்தபடி’ என்று எழுதியிருக்கிறீர்கள். அதைத்தான் விரிவாகப் பேச வேண்டும். மல்லாந்து படுத்து, ஒரு கையால் புத்தகத்தைத் தூக்கிப் பிடியுங்கள். நடுவில் கட்டைவிரலைக் கொடுத்து அழுத்தாவிட்டால் தானாக மூடிக்கொள்ளும். அழுத்தினால் புத்தகத்தின் முதுகு படக்கென்று விட்டு, இரண்டு தாள் நெஞ்சில் விழும். குற்றம் உங்கள் கையில் இல்லை. அச்சடித்த பெரிய தாளைப் பதினாறு பக்கம் வரும்படி மடித்து (அச்சகத்தில் இதைப் பாரம் என்பார்கள்), மடிப்பில் நூல் கோத்துத் தைத்தால் புத்தகம் விரித்த இடத்தில் விரிந்து கிடக்கும். இப்போதோ பல புத்தகங்களில் அந்த மடிப்பையே சீவி எறிந்துவிட்டு, உதிரித் தாள்களின் விளிம்பில் சூடான பசையைத் தடவி அட்டையை ஒட்டிவிடுகிறார்கள். பசை இறுகினால் வெடிக்காமல் என்ன செய்யும்? காகிதத்தில் நார் ஓடும் திசை என்றும் ஒன்று உண்டு. அது முதுகுக்கு இணையாக ஓடினால் தாள் பணிந்து வளையும். குறுக்கே ஓடினால் விறைத்து நிற்கும். ஒரு பதிப்பாளரிடம் இதைச் சொன்னபோது, “இதையெல்லாம் யார் சார் பார்க்கிறார்கள்?” என்றார். படுத்துப் படிக்கிற ஒவ்வொருவரின் கட்டைவிரலும் பார்க்கிறது என்றேன். அதன் பிறகு அவர் எனக்குப் புத்தகம் அனுப்புவதில்லை. அனுப்பாவிட்டாலும் சொல்லிக்கொண்டுதான் இருப்பேன்.

அடுத்த சனிக்கிழமை உங்கள் அலமாரியில் தையல் போட்ட புத்தகம் ஒன்றைத் தேடி எடுங்கள். மடிப்பின் நடுவே வெள்ளை நூல் தெரியும். அதைத் திறந்து வயிற்றின்மேல் வைத்துக் கையை எடுத்துவிடுங்கள். நீங்கள் ஒரு தூக்கம் போட்டு எழுந்தாலும் அதே பக்கம் திறந்திருக்கும்.