இணையத்தில் இணையும் கருவிகளுக்கு இடைமுகம் வடிவமைக்கும்போது எதை முதலில் கவனிக்க வேண்டும்?

வீட்டுக் கருவிகளை இணையம் வழியாக இயக்கும் செயலியை வடிவமைக்கத் தொடங்கியிருப்பதாகவும், வழக்கமான செயலிகளிலிருந்து இது எங்கே வேறுபடுகிறது என்றும் கேட்டிருக்கிறீர்கள். சில ஆண்டுகள் இந்த வேலையில் இருந்தவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன்.

கைபேசியிலிருந்து கிளம்பும் ஆணை பெரும்பாலும் ஒரு சர்வருக்குப் போய், அங்கிருந்து வீட்டு ரவுட்டர் வழியாகக் கருவியை அடைய வேண்டும். கருவி அதை நிறைவேற்றிய செய்தியும் அதே வழியில் திரும்பி வர வேண்டும். இடையில் எங்கு வேண்டுமானாலும் தடங்கல் நேரலாம். ஆகவே, திரையில் தெரிவது பயனர் கேட்ட நிலையா, கருவி உண்மையில் இருக்கும் நிலையா என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்ட செயலியை எவ்வளவு அழகான வண்ணங்களாலும் காப்பாற்ற முடியாது.

தண்ணீர் சூடாக்கும் கருவி ஒன்றுக்கு நாங்கள் செய்த செயலியில் ஒரே ஒரு வட்டப் பொத்தான் இருந்தது. ஒருமுறை தொட்டால் கருவி இயங்கும், மறுமுறை தொட்டால் நிற்கும். சோதித்துப் பார்க்க வந்த பெரியவர் ஒருவர் அதைத் தொட்டார். நான்கைந்து வினாடிகள் எந்த அசைவும் இல்லாததால் மீண்டும் தொட்டார். இரண்டு ஆணைகளும் தாமதமாக ஒன்றன்பின் ஒன்றாகப் போய்ச் சேர, கருவி 'டக்' என்று இயங்கி, அடுத்த நொடியே 'டக்' என்று நின்றுவிட்டது. "நான் எதையாவது தப்பா அழுத்திட்டேனாப்பா?" என்று அவர் கேட்டது இன்றும் உறுத்துகிறது, தப்பு செய்தவர்கள் நாங்கள்.

அதன் பிறகு, "இப்போதிருக்கும் நிலையை மாற்று" என்ற ஆணையை நீக்கிவிட்டு, "இயங்கு", "நில்" என்ற இரண்டு தனி ஆணைகளை வைத்தோம். பதில் வருவதற்குள் எத்தனை முறை தொட்டாலும் "இயங்கு" என்பதே மறுபடி போகும் என்பதால் விளைவு மாறாது. பொத்தானும் இரண்டு தோற்றங்களுக்குப் பதிலாக மூன்று பெற்றது: நின்றிருக்கிறது, கருவியின் பதிலுக்குக் காத்திருக்கிறது, இயங்குகிறது. பதிலே வராவிட்டால், "கருவியிடமிருந்து பதில் இல்லை, கடைசியாக 6.40 மணிக்கு நின்றிருந்தது" என்று நேரத்தோடு காட்டினோம்.

காத்திருப்புக்கு, பயன்பாட்டு எளிமை குறித்த ஆய்வாளர் ஜேக்கப் நீல்சன் 1993இல் எழுதிய அளவுகள் இங்கும் பொருந்துகின்றன. 0.1 வினாடிக்குள் மறுமொழி வந்தால் அது உடனடியாகத் தோன்றும். 1 வினாடி வரை எண்ண ஓட்டம் அறாது. 10 வினாடிக்கு மேல் கவனம் சிதறிவிடும். கருவியின் வேகம் நம் கையில் இல்லை. ஆனால் விரல் பட்டதைக் காட்டும் வேலையைக் கைபேசியே அந்த 0.1 வினாடிக்குள் செய்துவிடலாம்.

அடுத்த தலைவலி, கருவியை வைஃபையில் முதன்முறை சேர்ப்பது. இத்தகைய கருவிகளில் பல 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் மட்டுமே இயங்குபவை. கைபேசியோ 5 கிகாஹெர்ட்ஸில் இணைந்திருக்கும், அந்த அலைவரிசை கருவியின் கண்ணில் படாது. அந்த நேரத்தில் "இணைக்க முடியவில்லை" என்று மட்டும் சொன்னால், பயனர் சரியான கடவுச்சொல்லையே பத்து முறை தட்டச்சு செய்துகொண்டிருப்பார். கடவுச்சொல் பிழையா, வைஃபையே கண்ணில் படவில்லையா என்பது கருவிக்குள் இருக்கும் சில்லுக்குப் பெரும்பாலும் தெரியும். அதைப் பயனரிடம் சொல்லாமல் விடுவது சோம்பல் என்றே நான் கருதுகிறேன்.

கருவியின் மேலிருக்கும் சிறு விளக்கில் சிவப்பு, பச்சை என்ற நிற வேறுபாட்டை மட்டும் நம்பாதீர்கள். அவற்றைப் பிரித்தறிய இயலாதவர்கள், குறிப்பாக ஆண்களில், கணிசமாக உண்டு. தொடர்ந்து எரிவது ஒரு பொருள், மினுக்குவது இன்னொரு பொருள் என்று இரண்டோடு நிறுத்துங்கள். ஏழு விதமாக மினுக்கினால் யாருக்கும் நினைவில் நிற்காது.

கடைசியாக, கருவியின் உடலிலேயே ஒரு பொத்தான் வையுங்கள். இணையம் அறுந்தாலும், செயலி இல்லாத விருந்தினர் வந்தாலும் அது வேலை செய்ய வேண்டும். அதை அழுத்தி ஒருவர் கருவியை நிறுத்தினால், இணைப்பு இருக்கும்போது உடனேயும், இல்லாவிட்டால் மீண்டும் வந்ததும், அந்த மாற்றம் எல்லோருடைய கைபேசித் திரையிலும் தெரிய வேண்டும்.