முகப்புப் படம் படுத்துக்கொண்டால்: கேள்வி பதில்

கேள்வி (ஈசூன், சிங்கப்பூர்): தைப்பூசத்தன்று என் மகன் காவடி எடுத்து வந்ததைக் கைப்பேசியை நிமிர்த்திப் பிடித்துப் படமெடுத்தேன். கைப்பேசியில் நேராகத் தெரியும் அந்தப் படம், காணொளியின் முகப்பில் ஏற்றியதும் படுத்துக்கொள்கிறது. ஏன் ஐயா?

பதில்: பெரும்பாலான கைப்பேசிகள், நாம் எப்படிப் பிடித்தாலும் படப்புள்ளிகளைக் கிடைமட்டமாகவே சேமித்துவிட்டு, 'காட்டும்போது 90 பாகை திருப்பு' என்ற குறிப்பை மட்டும், படக் கோப்புக்குள்ளேயே பதிவாகும் எக்ஸிஃப் தகவலில் எழுதிவைக்கின்றன. அக்குறிப்புக்கு 1 முதல் 8 வரை மதிப்புகள் உண்டு. நிமிர்ந்த படத்துக்குப் பெரும்பாலும் 6, திருப்பத் தேவையில்லை என்றால் 1. குறிப்பைப் படிக்கும் செயலியில் உங்கள் மகன் நிமிர்ந்து நிற்பார். படிக்காத செயலியில் காவடியோடு படுத்துவிடுவார்.

கேள்வி (அவரே): கேலரியில் திருப்பிச் சேமித்தும் பயனில்லையே?

பதில்: சில கேலரிச் செயலிகள் அந்த எண்ணை மட்டும் மாற்றுகின்றன, புள்ளிகள் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. படத்தொகுப்புச் செயலியில் 1280க்கு 720 அளவில் புதிய பக்கம் திறந்து, படத்தை அதில் நேராக வைத்து, புதிய ஜேபெக் கோப்பாக ஏற்றுமதி செய்யுங்கள். அவசரமென்றால், நேராகத் தெரியும்போது திரைப்பிடிப்பு எடுத்தாலும் போதும். தரம் சற்றுக் குறையும் என்பதால் எனக்கு அதில் விருப்பமில்லை.

கேள்வி (தெம்பனிஸ்): தேக்காவில் எடுத்த செல்ஃபியில், பின்னால் உள்ள கடைப்பலகையின் எழுத்துகள் இடவலமாக மாறியுள்ளன. எத்தனை முறை திருப்பியும் சரியாகவில்லை.

பதில்: அது சுழற்சியன்று, கண்ணாடிப் பிம்பம். 'கிடைமட்டமாகப் புரட்டு' என்ற வசதியைப் பயன்படுத்துங்கள். ஐபோன் என்றால், கேமரா அமைப்பில் முன்கேமராவைக் கண்ணாடிபோல் காட்டும் தேர்வை அணைத்துவிடுங்கள்.

கேள்வி (உட்லண்ட்ஸ்): படம் நேராகிவிட்டது, ஆனால் இருபுறமும் கறுப்புப் பட்டை வருகிறது.

பதில்: முகப்புப் படத்தின் அகல உயர விகிதம் 16:9. நிமிர்ந்த படம் அந்த அகலத்தை நிரப்பாததால்தான் பட்டை வருகிறது. அகலம் 3024, உயரம் 4032 புள்ளிகள் கொண்ட நிமிர்ந்த படத்தை அவ்விகிதத்துக்கு வெட்டினால், உயரத்தில் 1701 புள்ளிகளே மிஞ்சும். முழு உருவம் எடுத்த படமானால் தலையோ காலோ போய்விடும். ஆகவே, முகப்புக்கென்றே ஒரு படத்தைக் கைப்பேசியைக் கிடத்திப் பிடித்து எடுத்துவிடுங்கள்.

கேள்வி (பிடோக்): பைத்தான் நிரல்மொழியில், படங்களைக் கையாளும் பில்லோ என்ற நிரல் நூலகத்தைக் கொண்டு முகப்புப் படங்களைத் தயாரிக்கிறேன். நிமிர்ந்தவை மட்டும் சாய்கின்றன.

பதில்: பில்லோ, படத்தைத் திறக்கும்போது எக்ஸிஃப் குறிப்பைத் தானாகச் செயல்படுத்துவதில்லை. அளவைக் குறைப்பதற்கு முன்பே 'எக்ஸிஃப் டிரான்ஸ்போஸ்' செயற்கூற்றை அழையுங்கள். அது புள்ளிகளையே திருப்பிவிட்டுக் குறிப்பையும் நீக்கிவிடும்.